காசநோயும் பிளேக்கும், வரலாற்றிலும் கதையிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகள் ஆய்வகத்தில் சளிப் பரிசோதனை பார்த்தவன் நான். வேலை முடிந்தால் நாவல். இரண்டும் தெரிந்த ஆள் என்று பெயர் வந்துவிட்டதால், கொள்ளைநோய்க் கதை எதையாவது படித்துவிட்டு வருபவர்கள் என்னிடம்தான் சந்தேகம் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதேதான். திரும்பத் திரும்பச் சொன்னதை ஓரிடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் வாய் மிச்சம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சயரோகம், எலும்புருக்கி, காசநோய், டி.பி. நாலும் ஒண்ணுதானா?

ஒன்றுதான். மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ் என்ற ஒரே கிருமியால் வருவது. பெயர்கள் நோயின் ஒவ்வொரு முகத்தைப் பிடித்துக்கொண்டன. காசம் என்றால் இருமல். சயம் என்றால் தேய்வு. சதை கரைந்து எலும்பு துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து எலும்புருக்கி என்றார்கள். கிரேக்கர்கள் வைத்த தைசிஸ் என்ற பெயருக்கும் தேய்வது என்றுதான் பொருள்.

சயம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு புராணக் கதை உண்டு. தக்கனின் 27 மகள்களை மணந்த சந்திரன் ரோகிணி வீட்டிலேயே குடியிருந்தான். மற்ற பெண்கள் அப்பாவிடம் அழ, சயரோகம் பிடித்துத் தேயும்படி தக்கன் சபித்தான். பிறகு சாபத்தில் பாதி தளர்ந்ததால் தேய்வதும் வளர்வதுமாக நிலா இன்றும் அல்லாடுகிறது. எனக்குப் பிடித்த கதை இது. மருந்து இல்லாத காலத்தில் காசநோய் அப்படித்தான் போகும்: நாலு மாதம் தேறினாற்போல இருக்கும், மறுபடி இளைக்கும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். பழைய நூல்களில் சயம் என்று வருவதெல்லாம் காசநோய்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆளை இளைக்க வைக்கும் வேறு நோய்களும் அந்தப் பெயருக்குள் இருந்திருக்கும்.

பிளேக்கும் கொள்ளைநோயும் ஒண்ணா? காசநோயைக் கொள்ளைநோய்னு சொல்லலாமா?

பிளேக் என்பது எர்சினியா பெஸ்டிஸ் என்ற பாக்டீரியாவால் வரும் குறிப்பிட்ட ஒரு நோய். கொள்ளைநோய் என்பது பொதுப்பெயர். ஊரையே வாரிக்கொண்டு போவது எதுவானாலும் கொள்ளைநோய்தான். காலராவும் பெரியம்மையும் அந்தப் பெயரால் அழைக்கப்பட்டவை. ஆங்கிலத்தில் பிளேக் என்ற சொல்லே இரண்டு வேலையும் செய்வதால் மொழிபெயர்ப்பு நாவல்களில் இது அடிக்கடி குழம்பிப்போகிறது.

காசநோயை ஐரோப்பாவில் ‘வெள்ளைப் பிளேக்’ என்றே அழைத்தார்கள். ஆனால் இரண்டுக்கும் வேகத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கட்டி கிளம்பும் வகைப் பிளேக் சிகிச்சை இல்லாவிட்டால் சில நாட்களில் ஆளை முடித்துவிடும். நுரையீரல் பிளேக் இன்னும் வேகம். காசநோய் ஆண்டுக்கணக்கில் அரிக்கும். இந்த வேக வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

எதுல அதிகம் பேர் செத்திருக்காங்க?

குறுகிய காலக் கணக்கில் பிளேக்கை மிஞ்ச ஆள் இல்லை. 1347 முதல் 1351 வரை ‘கறுப்புச் சாவு’ ஐரோப்பாவின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கொண்டுபோனது. அதற்கு முன்பு 542-ல் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் கான்ஸ்டாண்டிநோபிளைப் புரட்டிப்போட்டதும் இதே கிருமிதான். மூன்றாவது பெரிய அலை 19-ஆம் நூற்றாண்டில் சீனாவின் யுன்னானில் கிளம்பி, 1894-ல் ஹாங்காங்கையும் 1896-ல் பம்பாயையும் எட்டியது. அதில் இந்தியாவில் மட்டும் சுமார் ஒரு கோடிப் பேர் போனார்கள்.

நீண்ட கணக்கில் காசநோய் முந்திவிடும். கடந்த 200 ஆண்டுகளில் 100 கோடிப் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் 1882-ல் அதை அறிவித்த உரையைத் தொடங்கியதே, மனிதர்களில் ஏழில் ஒருவர் இந்த நோயால் சாகிறார் என்ற கணக்கோடுதான்.

பிளேக் எலியால வருதா, தெள்ளுப்பூச்சியாலயா?

எலி கிருமியைச் சுமக்கிறது, தெள்ளுப்பூச்சி கடத்துகிறது. எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் பூச்சி அடுத்த சூடான உடம்பைத் தேடும். அது மனிதனாக இருந்துவிட்டால் வினை. கிருமியை 1894-ல் ஹாங்காங்கில் கண்டவர் அலெக்ஸாண்டர் எர்சின். பூச்சியின் பங்கை 1898-ல் கராச்சியில் காட்டியவர் பால்-லூயி சிமோன். நுரையீரல் பிளேக்குக்கு எலியும் வேண்டாம், பூச்சியும் வேண்டாம்; இருமலே போதும்.

கிருமி உள்ளே போயிட்டா காசநோய் வந்த மாதிரிதானே?

இல்லை. நம்ப வைக்க நான் அதிகம் சிரமப்படும் பதில் இதுதான். உலக மக்களில் சுமார் நான்கில் ஒருவர் உடலில் இந்தக் கிருமி நுழைந்திருக்கிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படும். மற்றவர்களின் உடல் கிருமியைச் சுற்றிச் செல்களால் மதில் கட்டிச் சிறைவைத்துவிடுகிறது. சத்துக்குறைவு, நீரிழிவு, எச்.ஐ.வி., முதுமை என்று காவல் தளரும்போது கைதி வெளியே வருகிறான். சில சமயம் முப்பது வருடம் கழித்தும்.

கிருமியே சோம்பேறி. சாதாரணக் குடல் பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரியும் என்றால், இது பிரிய ஏறக்குறைய 20 மணி நேரம் எடுக்கும். வளர்த்துப் பார்த்து முடிவு சொல்ல வாரக்கணக்கில் ஆவதும் அதனால்தான். அதன் மேல் மெழுகு மாதிரி ஒரு கொழுப்புப் போர்வை. சாதாரணச் சாயம் அதில் ஒட்டாது. சிவப்புச் சாயத்தை ஊற்றி, கண்ணாடித் தகட்டின் அடியில் ஆவி கிளம்பும்வரை சூடு காட்ட வேண்டும். அப்புறம் அமிலத்தால் கழுவினால் மற்றதெல்லாம் நிறம் போய்விடும், இது மட்டும் விடாது. கடைசியில் நீலச் சாயம். நுண்ணோக்கியில் கண் வைத்தால் நீல வயலில் மெல்லிய சிவப்புக் குச்சிகள், கொஞ்சம் வளைந்து, இரண்டு மூன்றாகச் சாய்ந்து கிடக்கும். முதல் தடவை பார்த்தபோது, இவ்வளவு அழகாக இருக்க வேண்டிய அவசியம் இதற்கு என்ன என்றுதான் தோன்றியது.

முன்னாடி இதைப் பரம்பரை நோய்னு நினைச்சாங்களாமே, ஏன்?

ஒரே வீட்டில் வரிசையாகச் செத்தால் வேறென்ன நினைப்பார்கள்? ஆங்கில நாவலாசிரியைகளான பிரான்டி சகோதரிகளின் குடும்பத்தில் மூத்த அக்காக்கள் இருவர் 1825-ல் போனார்கள். எமிலி 1848 டிசம்பரில். ஆன் ஐந்தே மாதம் கழித்து 1849 மேயில். தொற்றிய நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடையில் வருடங்கள் ஓடிவிடுவதால் (மேலே சொன்ன சோம்பல்), யாரிடமிருந்து யாருக்கு என்ற சங்கிலி கண்ணில் படாது. ரத்தத்தில் ஊறியது என்று முடிவுகட்டுவது சுலபம்.

வேடிக்கை என்னவென்றால் எல்லா நாடும் அப்படி நினைக்கவில்லை. வட ஐரோப்பா பரம்பரை என்றது. தென் ஐரோப்பா தொற்று என்றது. 1821-ல் கவிஞர் கீட்ஸ் 25 வயதில் ரோமில் இறந்ததும், அங்கிருந்த சட்டப்படி அவர் அறையின் சாமான்களைக் கொளுத்தினார்கள். 1838 குளிர்காலத்தில் மயோர்க்கா தீவுக்குப் போன இசைமேதை ஷோபனுக்கு என்ன நோய் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். படித்த மருத்துவர்கள் சிரித்த அந்த ‘மூடநம்பிக்கை’தான் சரியாக இருந்தது. 1865-ல் வில்மன் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் நோயை முயலுக்கு ஏற்றிக்காட்டினார். பெரிதாக யாரும் காதுகொடுக்கவில்லை. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காக் ஒரு சிறிய அறையில் தன் கண்ணாடித் தகடுகளைப் பரப்பிவைத்துப் பேசி முடித்தபோது ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லையாம். கேட்க ஒன்றும் மிச்சமில்லை. அந்த நாள்தான் இன்று உலகக் காசநோய் நாள்.

கதையில காசநோய் வந்தவங்க எல்லாம் ஏன் அவ்வளவு அழகா இருக்காங்க?

வெளிறிய தோல், மெலிந்த உடல், காய்ச்சலில் பளபளக்கும் கண், கன்னத்தில் சிவப்பு. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பா அழகு என்று நினைத்ததும் இதே பட்டியல்தான். கூடவே, புத்தி கடைசிவரை தெளிவாக இருக்கும். நாயகி படுக்கையில் கிடந்து நீண்ட வசனம் பேச முடியும். காலராவில் அது நடக்காது, வாந்தியும் பேதியும் எழுத்தாளருக்கு உதவாத சமாசாரம்.

பாரிஸில் மரி டுப்ளெஸி என்ற பெண் 1847-ல் 23 வயதில் காசநோயால் இறந்தார். அவருடைய காதலராக இருந்த இளைய அலெக்ஸாந்தர் டூமா மறு வருடமே அதை நாவலாக்கினார். 1853-ல் வெர்டி அதை இசைநாடகமாக்கினார். அன்றிலிருந்து மேடையில் பெண்கள் பாடிக்கொண்டே காசநோயில் சாகிறார்கள். நுரையீரல் பாதி போனவருக்கு ஒரு வரி பேசவே மூச்சு வாங்கும், பாட்டு எங்கே? நிஜத்தில் படுக்கையை நனைக்கும் இரவு வியர்வை, நாற்றமடிக்கும் சளி, எதைத் தின்றாலும் ஒட்டாத உடம்பு. தொண்டையில் பரவினால் எச்சில் விழுங்குவதே சித்திரவதை. எழுத்தாளர் காஃப்கா 1924-ல் அப்படித்தான் போனார். கடைசி வாரங்களில் பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால் துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினார். அதிகம் செத்தவர்கள் கவிஞர்களும் இல்லை. காற்று புகாத அறையில் பத்துப் பேராகப் படுத்த ஆலைத் தொழிலாளிகள். அவர்களுக்கு இசைநாடகம் எழுத ஆள் வரவில்லை.

இருமினா கைக்குட்டையில ரத்தம், ரெண்டு காட்சி கழிச்சு சாவு. இது நிஜமா?

ரத்தம் வரலாம், எல்லோருக்கும் வராது. வந்த எல்லோரும் உடனே சாவதும் இல்லை. ரஷ்ய எழுத்தாளர் செகாவுக்கு 1884-லேயே ரத்தம் வந்தது. 1904 வரை இருந்தார். இத்தனைக்கும் அவர் மருத்துவர். 1897-ல் மாஸ்கோ உணவகம் ஒன்றில் மேசையிலேயே ரத்தம் கொட்டும்வரை தனக்கு என்ன நோய் என்பதை ஒப்புக்கொள்ளாமலே இருந்தார். பிறருக்குச் சொல்லும் வைத்தியம் நமக்கு உறைப்பதில்லை.

கைக்குட்டைக் காட்சியின் மூலத்தைத் தேடினால் கீட்ஸ்தான் கிடைப்பார். 1820 பிப்ரவரி 3, இரவு. குளிரில் வண்டியின் மேல்தட்டில் உட்கார்ந்து வந்து, காய்ச்சலோடு படுக்கையில் ஏறியவர் இருமினார். விரிப்பில் ஒரு துளி ரத்தம். நண்பரை மெழுகுவர்த்தி கொண்டுவரச் சொல்லி வெளிச்சத்தில் உற்றுப்பார்த்தார். மருத்துவம் பயின்றவர், 1818-ல் தம்பியை இதே நோயில் பக்கத்திலிருந்து கவனித்தவர். நிறத்தைப் பார்த்ததுமே இது தமனி ரத்தம், தனக்கு வந்த மரண ஓலை என்று சொல்லிவிட்டார். சினிமாவில் ரத்தத்தைக் கண்டதும் முகம் மாறுவார்கள். இவர் முதலில் விளக்குக் கேட்டார். எனக்கு அந்த இடம்தான் உலுக்குகிறது.

நிஜ அறிகுறிகள் இதைவிடச் சப்பென்று இருக்கும்: இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, பசியின்மை. ரத்தத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

ரத்தக்காட்டேரிக் கதைக்கும் காசநோய்க்கும் தொடர்பு இருக்குன்னாங்க. கட்டுக்கதைதானே?

தொடர்பு உண்டு, அதுவும் ஆவணத்தோடு. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் எக்சிட்டர் என்ற ஊர். பிரவுன் குடும்பத்தில் தாய் போனார், மூத்த மகள் போனாள், 1892 ஜனவரியில் 19 வயது மெர்சியும் போனாள். மகன் எட்வின் இளைத்துக்கொண்டே வந்தான். செத்தவர்களில் யாரோ இவன் உயிரை உறிஞ்சுகிறார்கள் என்று ஊர் முடிவுசெய்தது. மார்ச் மாதம் சடலங்களைப் பார்த்தார்கள். தாயும் அக்காவும் எலும்பாகியிருந்தார்கள். மெர்சி மட்டும் கெடாமல் இருந்தாள், இதயத்தில் ரத்தமும் இருந்தது. குளிர்காலத்தில் தரைக்கு மேலிருந்த கல்லறை அறையில் இரண்டு மாதம் கிடந்த உடல் வேறெப்படி இருக்கும்? இதயத்தை எடுத்து எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கலந்து எட்வினுக்குக் கொடுத்தார்கள். மே மாதம் அவனும் இறந்தான்.

தேதியைக் கவனியுங்கள். காக் கிருமியைக் காட்டிப் பத்து வருடம் ஆகியிருந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. வீட்டில் செத்தவரிடமிருந்துதான் இருப்பவருக்கு வருகிறது என்று அவர்கள் போட்ட கணக்கு சரிதான். வரும் வழிதான் தெரியவில்லை.

அந்தப் பறவை மூக்கு முகமூடி போட்ட டாக்டர்கள் கறுப்புச் சாவு காலத்துல இருந்தாங்களா?

இல்லை. அது 17-ஆம் நூற்றாண்டுச் சங்கதி. 1348-ஐப் பற்றிய படத்தில் அந்த முகமூடி வந்தால் சுமார் 300 வருடம் முன்கூட்டியே வந்துவிட்டது என்று அர்த்தம். ரோஜா வளையம் சுற்றி ஆடும் ஆங்கிலக் குழந்தைப் பாட்டு பிளேக்கைப் பற்றியது என்பதும் அப்படித்தான். அந்த விளக்கம் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்.

பிளேக் பற்றின பழைய புத்தகங்கள்ல எதை வரலாறா எடுத்துக்கலாம்?

கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸை நம்பலாம். கி.மு. 430-ல் ஏதென்ஸில் பரவிய நோய் அவருக்கே வந்து பிழைத்தவர். பிழைத்தவர்களை நோய் இரண்டாம் முறை கொல்லவில்லை, அதனால் அவர்கள்தான் மற்றவர்களைக் கவனித்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். கிருமி என்ற எண்ணமே இல்லாத காலத்தில் எவ்வளவு கூர்மையான பார்வை! ஆனால் அது என்ன நோய் என்பது இன்றும் சண்டையில்தான் இருக்கிறது. பிளேக் என்று முத்திரை குத்தாதீர்கள்.

இத்தாலிய எழுத்தாளர் பொக்காசியோவைப் பாதி நம்பலாம். 1348-ல் பிளாரன்ஸிலிருந்து தப்பியோடிய பத்துப் பேர் பத்து நாளில் நூறு கதை சொல்வதாக எழுதியவர், தொடக்கத்தில் நகரத்தின் நிலையை விவரிக்கிறார். செத்த ஏழையின் கந்தலைத் தெருவில் வீச, இரண்டு பன்றிகள் வந்து மூக்கால் கிளறி, கொஞ்ச நேரத்தில் சுருண்டு விழுந்து செத்ததைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்கிறார். அவ்வளவு வேகத்தில் பன்றி சாவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. உறவுகள் ஒருவரை ஒருவர் கைவிட்டதாக அவர் சொல்வதை மட்டும் தாராளமாக நம்பலாம். டேனியல் டீஃபோ 1665 லண்டன் பிளேக்கை நேரில் பார்த்தவர் குரலில் எழுதினார். ஆனால் அப்போது அவருக்கு ஐந்து வயது இருக்கும். புத்தகம் வந்தது 1722-ல். அதில் வரும் வாராந்தரச் சாவுக் கணக்குகளோ அசல் அரசுப் பதிவுகள். ஆள் கற்பனை, எண்ணிக்கை நிஜம்.

பிளேக் கதைன்னா ஊரே வருது, காசநோய்க் கதைன்னா ஒருத்தர்தான் வர்றார். ஏன்?

இந்தக் கேள்வியை ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். அன்றிலிருந்து என்னை விடாமல் துரத்துகிறது. பதில் வேகத்தில்தான் இருக்கிறது. ஒரு வாரத்தில் தெருவே காலியானால் கதை தெருவைப் பற்றியதாகத்தான் இருக்கும்: யார் கதவை மூடினார்கள், யார் ஓடினார்கள், பிணத்தை யார் தூக்கினார்கள். ஆறு வருடம் ஒருவர் தேய்ந்தால் கதை அவர் மனதுக்குள்தான் நடக்கும். ஊர் அவரைச் சுற்றி வழக்கம்போல் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் பாருங்கள், புகழ்பெற்ற இரண்டு பிளேக் கதைகளை எழுதியவர்கள் காசநோயோடு வாழ்ந்தவர்கள். எட்கர் ஆலன் போவின் மனைவி விர்ஜினியா 1842 ஜனவரியில் பாடிக்கொண்டிருக்கும்போது வாயிலிருந்து ரத்தம் வந்தது. அதே வருடம் மே மாதம், ரத்தம் கசிந்து அரை மணி நேரத்தில் கொல்லும் செந்நிறக் கொள்ளைநோய் பற்றிய அவர் கதை அச்சானது. விர்ஜினியா இன்னும் ஐந்து வருடம் தேறுவதும் விழுவதுமாக இருந்து 1847-ல் இறந்தார். ஆல்பர்ட் காமுவுக்குக் காசநோய் 17 வயதில் வந்தது. 1942-ல் நோய் முற்றி, தென் பிரான்ஸின் மலைப்பகுதியில் தங்கியிருந்தபோது போர் வழியை அடைக்க, மனைவி அல்ஜீரியாவில் மாட்டிக்கொண்டார். பிளேக்கால் அடைபட்ட ஓரான் நகரத்தைப் பற்றிய நாவலை அங்கேதான் எழுதிக்கொண்டிருந்தார். 1947-ல் வெளிவந்தது. பிரிந்த ஜோடிகளின் வலி அதில் ஏன் அவ்வளவு இடம் பிடிக்கிறது என்று இனி யோசிக்க வேண்டியதில்லை. தங்களை மெதுவாகத் தின்னும் நோயில் கதைக்கு வேண்டிய ஓட்டம் இல்லை என்று கண்டு, வேகமான நோயைக் கடன்வாங்கினார்கள் என்பது என் ஊகம். இலக்கியம் படித்தவர்கள் மறுக்கலாம்.

தனிமைப்படுத்தலுக்கு 40 நாள்னு யார் கணக்குப் போட்டது?

முதலில் 30 நாள்தான். 1377-ல் ரகூசா, அதாவது இன்றைய துப்ரோவ்னிக், நோய்ப் பகுதியிலிருந்து வருபவர்களை ஒரு மாதம் வெளியே நிறுத்தியது. பின்னால் அது 40 ஆனது. வெனிஸ்காரர்கள் 40-க்குச் சொல்லும் சொல்லிலிருந்துதான் குவாரண்டைன் என்ற பெயரே வந்தது. மருத்துவக் கணக்கைவிட, வேதாகமத்தில் 40 என்ற எண்ணுக்கு இருந்த மரியாதையும் இதில் சேர்ந்திருக்கும்.

இங்கிலாந்தின் ஈயம் என்ற சிற்றூரை இந்த இடத்தில் எல்லோரும் கேட்பார்கள். 1665-ல் லண்டனிலிருந்து வந்த துணிமூட்டையோடு பிளேக் நுழைந்தது. பாதிரியார் பேச்சைக் கேட்டு ஊர் தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. எல்லைக் கல்லில் குழி தோண்டி, வினிகர் ஊற்றி, அதற்குள் காசு போட்டுவைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப்போவார்கள். சுமார் 260 பேர் இறந்ததாகப் பதிவு.

மலைக்காத்து வாங்கினா காசநோய் குணமாகும்னு சானடோரியம் கட்டினாங்களே, பலன் இருந்ததா?

கொஞ்சம். ஓய்வும் நல்ல சாப்பாடும் சிலரைத் தேற்றின. நோயாளியை வீட்டிலிருந்து பிரித்ததால் பரவலும் குறைந்தது. காற்று தனியாகக் குணமாக்கவில்லை. 1850-களில் ஜெர்மானிய மருத்துவர் பிரேமர் தொடங்கிவைத்தது, பிறகு சுவிட்சர்லாந்தின் டாவோஸ் போன்ற இடங்களில் பெரிய தொழிலாகவே வளர்ந்தது. 1912-ல் மனைவியைப் பார்க்க டாவோஸ் போன தாமஸ் மன்னிடம், உங்களுக்கும் நுரையீரலில் ஏதோ இருக்கிறது, தங்கிவிடுங்கள் என்றார் மருத்துவர். மனிதர் ஊர் திரும்பி நாவல் எழுதினார். 1924-ல் வந்த அதில், மூன்று வாரம் தங்க வந்த நாயகன் ஏழு வருடம் தங்கிவிடுகிறான்.

சானடோரியத்துக்கு மூடுவிழா நடத்தியது சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆய்வு. நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சானடோரியத்திலும் மறுபாதிக்கு அவரவர் நெரிசலான வீட்டிலும் ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வந்தது: இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பலன். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. மருந்துதான் வேலை செய்கிறது, மலை இல்லை என்று உலகம் ஒப்புக்கொண்டது.

அந்த மருந்தைக் கண்டுபிடிச்சது யார்?

முதல் மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். 1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பிரித்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆய்வு மாணவர். 1952-ல் நோபல் பரிசு போனது அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டும். நடுவில் வழக்கெல்லாம் நடந்து, இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற உரிமை மட்டும் ஷாட்ஸுக்குக் கிடைத்தது.

மருந்து வந்த வருடங்கள்தான் மனதை அறுப்பவை. புதுமைப்பித்தன் 1948 ஜூனில் காசநோயால் இறந்தார். மருந்து உலகில் இருந்தது, பரவலாகக் கிடைக்கவில்லை. அதே வருடம் ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள். தோல் உரிந்தது, வாய் புண்ணானது, முடி கொட்டியது. நிறுத்த வேண்டியதாயிற்று. 1950 ஜனவரியில் போனார். ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி சீக்கிரம் பழகிக்கொள்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 1952-ல் ஐசோநயசிட், 1960-களில் ரிஃபாம்பிசின் என்று சேர்ந்து, இப்போது நாலு மருந்தாகத் தொடங்குகிறோம். ரிஃபாம்பிசின் பெயர் ரிஃபிஃபி என்ற பிரெஞ்சுத் திருட்டுப் படத்திலிருந்து வந்தது. கண்டுபிடித்தவர்கள் சினிமா ரசிகர்கள் போல.

கணிதமேதை ராமானுஜன் காசநோயால்தானே இறந்தார்?

அன்றைய மருத்துவர்கள் அப்படித்தான் நினைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். 1920-ல் 32 வயதில் இறந்தார். ஆனால் பின்னாளில் அவருடைய நோய்க்குறிப்புகளைப் படித்தவர்கள், இளமையில் வந்த சீதபேதியின் தொடர்ச்சியாகக் கல்லீரலில் அமீபா தொற்று இருந்திருக்க வேண்டும் என்று வாதிடுகிறார்கள். முதல் பதிலில் சொன்னதுதான்: இளைத்தவரையெல்லாம் சயம் என்று எழுதிய காலம் நெடுங்காலம். ஷோபன் கதை வேறு மாதிரி முடிந்தது. வார்சா தேவாலயத்தில் ஜாடியில் இருக்கும் அவர் இதயத்தை 2014-ல் திறக்காமல் வெளியிலிருந்தே பார்த்து, காசநோய் இதய உறையைத் தாக்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்று எழுதினார்கள். பிளேக்கில் சந்தேகம் தீர்ந்துவிட்டது. 1348-49-ல் லண்டனில் புதைத்தவர்களின் பற்களிலிருந்து 2011-ல் எர்சினியாவின் மரபுத்தொகுப்பையே மீட்டெடுத்தார்கள்.

மருந்து இருக்கு, பிசிஜி ஊசி இருக்கு. அப்புறம் ஏன் இன்னும் சாகறாங்க?

1921-ல் வந்த பிசிஜி தடுப்பூசி குழந்தைகளுக்கு மூளையுறைக் காசநோய் வராமல் நன்றாகக் காக்கும். பெரியவர்களின் நுரையீரலுக்கு அதை நம்பியிருக்க முடியாது. மருந்துக்கு வழக்கமாக ஆறு மாதம். இரண்டாவது மாதத்திலேயே உடம்பு தேறி, பசியெடுத்து, எடை கூடும். அங்கேதான் பலர் விடுகிறார்கள். மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்புகிறது. மருந்தை எட்ட முடியாத வறுமை, வெளியே சொல்ல வெட்கம் இவையும் சேர்ந்து, 2023-ல் மட்டும் சுமார் 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் பிளேக்குக்கும் நல்ல மருந்துதான். பத்து நாள் சிகிச்சை, நோயாளி பயத்தில் இருக்கும்போதே முடிந்துவிடும். ஆறு மாதம் யாருக்குப் பயம் நிற்கிறது?

நான் கதை எழுதறேன், ஒரு காசநோயாளி வர்றார். எதைக் கவனிக்கணும்?

காலத்தை முதலில் முடிவுசெய்யுங்கள். 1816-க்கு முன் மருத்துவர் கையில் ஸ்டெதாஸ்கோப் இருக்கக் கூடாது. அதைச் செய்த லெனெக்கே 1826-ல் காசநோயால் போனவர். 1882-க்கு முன் காசநோய்க் கிருமி என்று யாரும் பேசக் கூடாது. 1895-க்கு முன் எக்ஸ்ரே கிடையாது. இன்றைய கதை என்றால் ரத்தம் கக்கும் காட்சியைத் தூக்கிவிடுங்கள். நோயாளியை ஊருக்கு வெளியே துரத்தவும் வேண்டாம். மருந்து சரியாக வேலைசெய்தால் சில வாரங்களிலேயே மற்றவருக்குத் தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

நாவல்களில் நான் இதுவரை பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். சிலருக்குக் கண்ணீர்கூட. யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் மாத்திரை வாங்கிப்போனவர் மறுநாள் காலை ரத்தமாகப் போகிறது என்று பதறிக்கொண்டு வருவார். மருந்து உள்ளே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்று சொன்னதும் முகத்தில் ஓர் ஆசுவாசம் வரும். அதற்குப் பிறகு அவர்களில் சிலர் தினமும் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் நிம்மதியடைவார்கள்.